தோட்டாவுக்கும் சாம்பிராணி

தொண்ணூறுகளில் ஓர் ஆயுத பூஜை. மைசூரு மண்டி மொஹல்லாவில் குடியிருந்தோம். ஹனூரில் இருந்த எங்கள் நிலத்தில் பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தேன். கடையில் தோட்டா சுலபமாகக் கிடைக்காது. அதனால் சுட்ட காலித் தோட்டாக்களில் நானே வீட்டில் வெடிமருந்து அடைப்பேன்.

அன்றும் அந்த வேலைதான். மேஜையில் மருந்துத் தட்டு திறந்து கிடந்தது. என் மடியிலும் கொஞ்சம் சிந்தியிருந்தது. தையல் மெஷினுக்கும் ஸ்கூட்டருக்கும் சாம்பிராணி காட்டிவிட்டு, தணல் கனலும் தூபக்காலோடு என் மனைவி வந்தாள்.

"இதும் ஆயுதந்தானுங்க? இதுக்கும் காட்டிப் போடறனுங்க" என்று தட்டின் மேல் குனிந்தாள்.

கத்தினால் பதறிக் கையை உதறிவிடுவாள். எழுந்தால் மேஜை ஆடும். அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் தூபக்காலை நிதானமாகச் சுற்றினாள். ஒரு பொறி தெறித்து, தட்டைத் தாண்டித் தரையில் விழுந்து கறுத்தது.

"ஏனுங்க இப்படி வேர்க்குது? ஃபேன் போடட்டுங்களா?"

தலையை மட்டும் ஆட்டினேன், வேண்டாமென்று.

"செரி. இனி ஒண்ணும் ஆகாதுங்க" என்று சிரித்தபடி போனாள்.

மருந்தை இம்மி பிசகாமல் அளப்பவன் என்று எனக்கொரு கர்வம் இருந்தது. அன்று எங்கள் இருவர் உயிரும் அவள் கை நடுங்காததில்தான் இருந்தது.