இரண்டு பிரிண்டரிலும் ஒரே கவிதா

கும்மிடிப்பூண்டியில் எங்கள் பிளெக்ஸ் கடையின் இரண்டு பிரிண்டரிலும் ஒரே நிறம் வரவைக்கும் மென்பொருளை இன்று அப்பா தேர்ந்தெடுத்தார்.

சோதனைக்கு என் வகுப்புத் தோழி கவிதாவின் மஞ்சள் நீராட்டு விழாப் படத்தை எடுத்தார்.

முதல் மென்பொருளில் ஒரு கவிதா சிவந்திருந்தாள், இன்னொருத்தி பச்சையாக இருந்தாள். எனக்கு அதுவே பிடித்தது.

இரண்டாவதில் இருவருமே அழகு.

"இந்த சாப்ட்வேரே வாங்கிக்கலாம். இனிமே இங்க் மாத்துனா இந்தப் போட்டோவதான் அடிச்சிப் பாக்கணும்" என்றார் அப்பா.

"ஏன் நைனா, என் போட்டோ வெக்கக் கூடாதா?"

"போட்டோவ மாத்திக்கினே இருந்தா கலர் மாறுனது எப்டிம்மா தெரியும்?"

மென்பொருளின் கையேடு முழுவதும் படித்துவிட்டேன். அப்பா சொன்னதுதான் சரியாம்.

சோதனைப் படத்தை மாற்ற நல்ல தொழில்நுட்பக் காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உண்மையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அப்பா நம்பினால் போதும்.