கோபப்படக் கூடாதாம் நான்

சம்பா நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சில் நெல் மூட்டையை இறக்கி வைத்ததுபோல் பாரம். இடது கை மரத்துப்போனது. வாய்வு என்று நினைத்தேன். நீங்கள் அப்படி நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தஞ்சாவூரில் மாரடைப்பு (இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்வது) என்றார்கள். டாக்டர் சின்ன வயசு, நல்ல மனுஷர்.

"கோபமே கூடாதும்மா. கிரேக்க நாட்டுல ஸ்டோயிக்னு ஞானிங்க இருந்தாங்க. நம்மால முடியறதையும் முடியாததையும் பிரிச்சுப் பார்க்கணும், முடியாததை நினைச்சுப் புழுங்கக் கூடாதும்பாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் போனபின் குத்தகை நிலத்தில் நான்தான் பாடுபடுகிறேன். குத்தகைக்காரரை வெளியேற்றக் கூடாதென்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஒரு போகம் தரிசாகக் கிடந்தால் போதும், நானே நிலத்தை விட்டுவிட்டதாக மிராசுதார் (நிலத்துக்காரர்) சாதித்துவிடுவார். நாற்றோ முற்றிக்கொண்டிருந்தது. எப்படிப் புழுங்காமல் படுத்திருப்பது?

அந்த வாரமே மிராசுதார் சாத்துக்குடியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"செல்லம்மா, மனசை அமைதியா வச்சுக்க. முடியாததை விட்டுடணும். நிலத்தை நான் பாத்துக்கறேன்."

டாக்டர் சொன்ன அதே பேச்சு! அவர் சொன்னால் மருந்து, இவர் சொன்னால் அநியாயம். அமைதியாக இரு என்று எங்களுக்குத்தானே எல்லாரும் சொல்கிறார்கள்? எந்த மிராசுதாரிடமாவது போய் எவனாவது சொன்னதுண்டா? நெஞ்சு படபடவென்று அடித்தது. கத்த வாயைத் திறந்தேன். கத்திச் செத்தால் அவருக்குத்தான் வசதி. இந்த மனுஷன் புத்தியை மாற்ற என்னால் முடியாது. நடவு நடத்த முடியும்.

"பழத்தை எடுத்துட்டுப் போங்கய்யா" என்றேன்.

அவர் போனதும் துணைக்கு இருந்த நாத்தனாரைக் கூப்பிட்டேன். "ராசாத்தி, தெருப் பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு நாளைக்கே வயல்ல இறங்கு."

"நீங்க மூச்சு விடுங்க அண்ணி, அது போதும். நாங்க நட்டுடறோம்" என்றாள். சொன்னபடி நட்டார்கள்.

நான் வீடு திரும்பியபோது பயிர் பச்சை பிடித்திருந்தது. மெதுவாக நடந்து வயலுக்குப் போனேன். மிராசுதாரின் ஆள் வரப்பில் நின்றிருந்தான்.

"யாரைக் கேட்டு நட்டீங்க?"

முன்பென்றால் பக்கத்து ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன். இப்போது பாதிப் பேச்சில் மூச்சு வாங்க நிற்க வேண்டியிருக்கிறது.

"அறுப்புக்கும்..." என்று ஆரம்பித்து நின்றேன். மூச்சு திரும்ப நேரமாயிற்று. அவ்வளவு நேரமும் அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

"...நான்தான் இறங்குவேன்."