எங்கள் வயல் நத்தை

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் கோயில் பார்க்கப் போவார்கள். நான் நத்தை தின்னப் போனேன். அலுவலக வேலை என்பது வெறும் சாக்கு. சென்னையில் என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர், கும்பகோணம் சாலையில் இருக்கும் ஒரு பாரின் நத்தை வறுவலைப் பற்றி ஒரு மாதமாகப் பேசிப் பேசியே என் நாக்கில் எச்சில் ஊற வைத்திருந்தார். "உங்க ஊரு ஐட்டம் சார், நீங்க சாப்பிட்டதே இல்லையா?" என்று அவர் கேட்டது எனக்குச் சுருக்கென்று தைத்தது. "சின்ன வயசுல எவ்வளவோ சாப்பிட்டிருக்கேன்" என்று கூசாமல் புளுகினேன்.

சாப்பிட்டதே இல்லை. பாபநாசத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் நஞ்சை உண்டு. களையெடுக்க வரும் பெண்கள் போகும்போது மடியில் நத்தை பொறுக்கிக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டில் அதன் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். அப்பா காலமான பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். நான் வரப்பை மிதித்து ஆறேழு வருஷம் இருக்கும். ஆனால் அலுவலகத்தில் என்னை விவசாயி என்றுதான் சொல்லிக்கொள்வேன். மருந்தே போடாத இயற்கை விவசாயம் என்றுகூட ஒருமுறை அளந்திருக்கிறேன். சென்னையிலிருந்து யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

பார் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஈரம் காயாத சிமெண்டுத் தரை. கடை திறந்த கையோடு பகல் பன்னிரண்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். வறுவல் வந்தது. சின்ன வெங்காயமும் மிளகும் கறிவேப்பிலையும் போட்டுக் கறுக்க வறுத்திருந்தார்கள். முதல் துண்டை வாயில் வைக்கும்போது கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டேன். குடல்கறி போலப் பல்லுக்கு நின்று கொடுத்தது. மிளகு காரம் காதுவரை ஏறியது. இவ்வளவு ருசியான ஒன்றையா நாற்பத்தெட்டு வயதுவரை அருவருத்தோம் என்று வீட்டார்மேல் கோபம்கூட வந்தது. இரண்டாவது தட்டையும் காலி செய்தேன்.

மூன்றாவது தட்டு கேட்டபோது இல்லை என்றார் பாரை நடத்துபவர். சம்பா வயல்களில் எல்லோரும் மருந்து போடும் சமயம், நத்தை வரத்து குறைந்துவிட்டது என்றார். "கொண்டாந்து குடுக்குற அம்மா பின்னாடிதான் இருக்கு. வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க சார்."

பின்பக்கக் குழாயடியில் ஓர் அம்மாள் அலுமினிய அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன. நத்தையை அவித்து, ஊசியால் குத்திச் சதையை இழுத்து, உப்பும் மஞ்சளும் போட்டு ஏழெட்டுத் தண்ணீர் கழுவிக் கொண்டுவருவது அவருடைய வேலை. நாளைக்குச் சென்னைக்கு ஒரு கிலோ பார்சல் வேண்டும் என்றேன். எங்கே போவதென்று தெரியவில்லை என்றார். அவர் வழக்கமாகப் பொறுக்கும் வயல்களில் எல்லாம் மருந்து போட்டுவிட்டார்களாம்.

என் வாய் அங்கேதான் சும்மா இருக்கவில்லை.

"பாபநாசம் ரோட்டுல மதகடி நாலு ஏக்கர் எங்களுதுதான். அங்க போய்ப் பொறுக்கிக்கம்மா."

அவருக்கு அந்த இடம் தெரிந்திருந்தது. "மருந்து போட்டிருக்காங்களாய்யா?"

"எங்க வயல்லயா? ஒரு சொட்டு கிடையாது. எல்லாம் இயற்கைதான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "எதுக்கும் குத்தகைக்காரர ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்யா."

"நிலம் என்னுது. நானே சொல்றேன்ல, அப்புறம் அவர எதுக்குக் கேக்கணும்?"

அவர் சரிங்கய்யா என்று தலையசைத்தார். யாரோ ஒருவருக்கு வாரி வழங்கிவிட்ட மிதப்பில் நான் அறைக்குப் போய்த் தூங்கினேன்.

மறுநாள் மதியம் பார்சலுக்காகப் போனேன். "இன்னைக்கு நத்தை இல்ல சார்" என்றார் பார்க்காரர். "அந்தம்மாவோட வீட்டுக்காரர் பெரியாஸ்பத்திரில கெடக்காரு. காலைல தூக்கிட்டுப் போயிருக்காங்க. ஒரே வாந்தி, மயக்கம்."

அவர் கிளாஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்தம்மாகிட்ட ஒரு பழக்கம் சார். புது வயல்ல பொறுக்கினா மொத நாள் கடைக்குக் கொண்டுவராது. வீட்ல ஆக்கி மொதல்ல வீட்டுக்காரர் தின்னு பாப்பாரு. ஒண்ணும் பண்ணலேன்னாத்தான் மறுநாள் இங்க வரும். இத்தன வருஷத்துல என் கடைல ஒருத்தர் வயித்து வலின்னு சொன்னதில்ல. நேத்து எந்தப் பாவி வயலுக்குப் போச்சோ தெரியல."

அந்தப் பாவி நான்தான், எதிரே நின்றுகொண்டிருந்தேன். ரோட்டுக்கு வந்து குத்தகைக்காரருக்குப் போன் போட்டேன். யார்மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருந்தது.

"அண்ணே, வயலுக்கு மருந்து போட்டீங்களா?"

"ஆமாங்க தம்பி, முந்தாநேத்துதான் குருணை மருந்து போட்டேன். குருத்துப்பூச்சி விழுந்துருச்சு, போடப்போறேன்னு போன வாரமே உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னேனே. நீங்ககூட சரிண்ணே, போடுங்கன்னு சொன்னீங்க."

சொல்லியிருந்தேன். லிஃப்டில் நின்றபடி, மற்றொரு போனில் யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டே, அவர் என்ன சொல்கிறார் என்று காதில் வாங்காமல் சரிண்ணே சரிண்ணே என்றிருந்தேன். விஷயம் இன்னதென்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். என்மேல் எனக்கு வந்த அருவருப்பைப் போல நான் எந்த நத்தையையும் அருவருத்ததில்லை.

ஒரு கிலோ சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உயிருக்கு ஆபத்தில்லை என்று நர்ஸ் சொன்னார். இரண்டு நாள் வைத்திருந்து பார்க்க வேண்டுமாம். அந்த மனிதர் ஒல்லியாக, கையில் டிரிப்ஸ் ஊசியோடு, கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் தின்ன வேண்டியதை எனக்கு முன்னால் தின்று பார்த்தவர். அவர் முகத்தை என்னால் ஐந்து விநாடிகூடப் பார்க்க முடியவில்லை.

கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். உண்மையைச் சொல்லத்தான் போனேன், சத்தியமாக. பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். எனக்கு முன்னால் அவர் பேசிவிட்டார்.

"அந்தக் குத்தகைக்காரர் உங்ககிட்ட மறைச்சுட்டாருய்யா. மருந்தப் போட்டுட்டு உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டாரு. சென்னைல இருக்குற உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாயைத் திறந்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். அவர் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "இவ்வளவு தூரம் வந்து பாத்தீங்களே, அதுவே போதும்யா" என்றார். அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அன்று சாயங்கால ரயிலைப் பிடித்துச் சென்னைக்கு ஓடி வந்துவிட்டேன்.

அலுவலக நண்பர் நத்தை எப்படி என்று கேட்டார். பிரமாதம் என்றேன்.

நான்கு நாள் கழித்துக் குத்தகைக்காரர் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எப்போதும் பயிர் நிலவரத்தில் ஆரம்பிப்பவர் அன்று வேறு பேச்சோடு ஆரம்பித்தார்.

"அந்தம்மா வீட்டுக்காரர் எழுந்து நடமாடுறாராம் தம்பி. நேத்து அது வயலுக்கே வந்துருச்சு. களையெடுக்குற ஆளுங்க பத்துப் பேரு நிக்கிறாங்க. அவங்க முன்னாடியே மண்ண வாரித் தூத்திட்டுப் போயிருச்சுங்க. மருந்து போட்டத நான் உங்ககிட்ட மறைச்சுட்டேனாம். நீங்களே ஆமான்னு தலையாட்டுனீங்களாம்."

இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்கிறேன் அண்ணே என்று சொல்லியிருக்கலாம். மன்னிச்சுக்கங்க என்றாவது சொல்லியிருக்கலாம்.

"நான் எதுத்து ஒண்ணும் பேசலைங்க தம்பி" என்றார். "மறைச்சது நானாவே இருந்துட்டுப் போறேன். அத விடுங்க." பிறகு குரலை இறக்கிக் கேட்டார்: "அடுத்த போகமும் நானே ஓட்டிக்கலாம்ங்களா?"

"ஓட்டுங்கண்ணே" என்றேன். நான் பேசியது அவ்வளவுதான். "ரொம்ப நன்றிங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.