ஊரின் பெயர் வந்த செய்தி

ஈயம் உருகும் மணம் வந்ததும் அகப்பையோடு மகளின் அறைக்கு ஓடினேன். மேசையில் வயர்கள், பற்றரி, சிவப்பு விளக்கு மின்னும் சின்னப் பச்சைப் பலகை. பார்த்தால் குண்டு மாதிரியே இருந்தது.

"உந்த வயரையெல்லாம் கழற்று பிள்ளை. ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்?"

"ஐயோ அம்மா, இது கிணத்துத் தண்ணியைப் பாத்துப் போனுக்குச் சொல்லுற சாமான். அகப்பையால அடிச்சுப் போடாதேங்கோ."

அதே மணம்தான் எங்கள் கனகராயன்குளத்தில் இன்று இல்லாத வானொலி திருத்தும் கொட்டிலிலும் இருந்தது. போர் நடந்து, பற்றரிக்குத் தடை இருந்த அந்த நாட்களில், மூடி கழற்றிய வானொலிகளுக்கு நடுவே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சிறுவர்கள் நாங்கள் மாறி மாறிக் கையால் பெடலைச் சுற்ற, டைனமோ தரும் மின்சாரத்தில் சனம் செய்தி கேட்கும்; கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் மெலிந்து கரகரக்கும், "காலமை சாப்பிடேல்லையோடா?" என்று யாராவது கத்துவார்கள், மறுபடி வேகமாகச் சுற்றுவோம். குண்டு விழுந்த இடங்களின் பெயர்களில் எங்கள் ஊர் இல்லை என்றான பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வரும்.

மகள் அந்தப் பலகையைக் கிணற்றடியில் பொருத்திவிட்டு வந்து, கைத்தொலைபேசியை நீட்டினாள். திரையில் எங்கள் ஊரின் பெயர். ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொண்டு கீழே வாசித்தேன்.

"கிணற்றில் தண்ணீர் இருக்கிறது."

செய்தி அவ்வளவுதான்.