பேர் கூப்பிட்டபோது இல்லாதவர்

சுவிட்சர்லாந்து என்றாலே பச்சைப்பசேல் என்று நினைக்கிறவர்கள் ஒரு ஆகஸ்டில் எங்கள் வலே மாநிலத்து மலைப்பக்கம் வந்து பார்க்கட்டும். வெர்னாஸ் ஊரில் மழையை நம்பினால் மாடு பட்டினிதான். பனியாற்றிலிருந்து பாறையைக் குடைந்தும், குடைய முடியாத இடத்தில் மரத்தொட்டிகளைத் தொங்கவிட்டும் எங்கள் முப்பாட்டன்மார் இழுத்துவந்த ஒரே ஒரு வாய்க்கால்தான் ஊருக்கே உயிர்.

ஜெர்மேன் பிராப்லானுக்கு அதில் ஒரு பங்கு இருந்தது. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை, ஐந்து மணி நேரம் தண்ணீர். அதில் விளையும் புல்லை நம்பி மூன்று பசுக்கள். எங்கள் நாட்டில் ராணுவம் என்பது வருஷத்தில் சில வாரம் போய்ப் பார்த்துவிட்டு வரும் வேலை. மற்ற நாளெல்லாம் அவனவன் தோட்டம், அவனவன் தொழுவம். இருபது வயதில் சிப்பாயாகப் போன ஜெர்மேன் முப்பத்திரண்டில் கேப்டன் ஆகிவிட்டார். மாடு மேய்த்தவன் மகன் அவ்வளவு தூரம் ஏறியதே பெரிது. அப்புறம் ஒன்பது வருஷம் அதே படியில் நின்றார்.

காரணம் மே மாதம். மேஜர் ஆவதற்கான பயிற்சி முகாம் மே மாதத்தில் வரும். வாய்க்கால் மராமத்தும் மே மாதத்தில்தான். மராமத்துக்குப் பங்குதாரர் நேரில் வந்தாக வேண்டும், ஆள் அனுப்பக்கூடாது. ஒரு வருஷம் வராவிட்டால் அந்தக் கோடைக்குத் தண்ணீர் கிடையாது. அடுத்தடுத்து இரண்டு வருஷம் வராவிட்டால் பங்கே போச்சு. இதனாலேயே ஜெர்மேன் இரண்டு தடவை முகாமை வேண்டாம் என்று எழுதிப்போட்டார். ‘சொந்தக் காரியத்தைக் கடமைக்கு மேலே வைப்பவர்’ என்று கர்னல் குறிப்பு எழுதினார். அவரைவிட எட்டு வயது இளையவனெல்லாம் மேஜர் ஆனான். 1936 வசந்தத்தில் மூன்றாவது அழைப்பு வந்தது. வயதுக் கணக்குப்படி அதுதான் கடைசி.

ஞாயிறு பூசை முடிந்து பங்குதாரர் கூட்டம். தலைமை வாய்க்கால் காவலர் சிரீல் ஏமோன். ராணுவத்தில் ஜெர்மேனின் கம்பெனியிலேயே, அவருக்குக் கீழே சார்ஜென்ட்.

“இந்த ஒரு வருஷம் என் தம்பிய அனுப்புறேன்,” என்றார் ஜெர்மேன். “நாட்டுக்காகத்தானே போறேன்.”

“நாடு வந்து உன் புல்லுக்கு மடை திறக்குமா?” என்றார் சிரீல். “முகாம்ல நீங்க நில்லுன்னா நான் நிப்பேன், சார். இங்க நீ ஒரு பங்கு. எங்க எல்லாரையும் மாதிரி.”

“தோள்ல இன்னொரு பட்டை வேணுமாம் துரைக்கு,” என்று பின்னாலிருந்து ஒருத்தர் சொன்னார். “மாடு அதத் தின்னுமான்னு கேட்டுக்கிட்டுப் போகட்டும்.”

ஊர் சிரித்தது. கை தூக்கச் சொன்னார்கள். ஜெர்மேன் பக்கம் மூன்று கை.

அவர் முகாமுக்குப் போனார். போனாலும் மனசு வாய்க்காலில்தான். மராமத்துக்கு முன்கூட்டியே தேதி குறிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. எதிர்மலைப் பள்ளத்தில் வெள்ளை நாக்கு என்று ஒரு பனித்திட்டு. அது கரைந்தால் மறுநாள் விட்டு அடுத்த நாள் வேலை. ‘நாக்கு போய்விட்டது, வியாழன் வேலை’ என்று மனைவி பிலோமேன் தந்தி அடித்தாள். ஜெர்மேன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கர்னல் முன்னால் நின்றார்.

“சேறு அள்ளவா லீவு கேட்கறீங்க, கேப்டன்?” என்றார் கர்னல். கடைசியில், வியாழன் ஒரு நாள் கொடுத்தார். வெள்ளி காலை பட்டாலியனை நடத்திக் காட்டும் பரீட்சை. அதற்கு வராவிட்டால் முகாமே வீண்.

புதன் மாலை ஊருக்கு வந்து சேர்ந்தார். வியாழன் விடியும்போது பார்த்தால் புதுப்பனி கொட்டிக் கிடந்தது. சிரீல் பாறையைப் பார்த்துவிட்டு, “வழுக்கும். நாளைக்கு வெச்சுக்குவோம்,” என்று எல்லாரையும் திருப்பி அனுப்பினார்.

வானமும் சேர்ந்துகொண்டு சதி செய்தால் மனிதன் எங்கே போய் முட்டிக்கொள்வான்? ஜெர்மேன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாகவே கிளம்பினார். அவர் பங்குக்கு உரிய அறுபது அடி தூரத்தையும் தோண்டினார், கல் பொறுக்கினார், தொட்டி இடுக்குகளில் தண்ணீர் கசியாமல் பாசியை அடைத்தார். மாலை ரயிலில் உட்காரும்போது இரண்டு கையிலும் கொப்புளம். அந்தக் கையோடுதான் மறுநாள் பரீட்சையை நடத்தித் தேறினார்.

அதே வெள்ளிக்கிழமை இங்கே பேர் கூப்பிட்டார்கள். ஜெர்மேன் பிராப்லான். பதில் இல்லை.

“அவரு நேத்தே முடிச்சிட்டாரு, போய்ப் பாருங்க,” என்றாள் பிலோமேன்.

சிரீல் போய்ப் பார்த்தார். “என் பாகத்தவிடச் சுத்தமா இருக்கு,” என்று ஒப்புக்கொண்டார். வந்து ‘இல்லை’ என்றே குறித்தார்.

முகாம் முடிந்து வந்த ஜெர்மேன் நேரே அவர் வீட்டுக்குப் போனார். “வேலை நடந்துச்சா, இல்லையா?”

“நடந்துச்சு.”

“அப்புறம் என்ன?”

“சேறு அள்ளுறது மட்டுமா மராமத்து? பாறையில ஒருத்தன் தொங்குறப்ப கயித்த இன்னொருத்தன் பிடிக்கணும். உன் இடத்துல அறுபத்தெட்டு வயசு பிளசீத் நின்னு பிடிச்சாரு. அந்தக் கயித்துலதான் நான் தொங்கினேன். முகாம்ல, ஆத்துல விழுந்த கோவேறு கழுதைய இழுத்துப் போட்டுட்டுக் காலை அணிவகுப்புக்கு வராம விட்டேன்னு எனக்கு மூணு நாள் சிறை கொடுத்தியே. அப்ப நான் என்ன சொன்னேன்? சரி சார்னேன்.”

ஜெர்மேன் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். சிரீல் சொன்னது சரி என்பதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல். நியாயம் எதிராளி பக்கம் இருந்தால் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது?

அந்தக் கோடையில் அவர் முறை வரும்போதெல்லாம் தண்ணீர் அவர் மடையைத் தாண்டி அடுத்தவன் புல்வெளிக்குப் போயிற்று. காவலுக்கு யாரும் இல்லை; மடைப் பலகையை ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். அவர் தூக்கவில்லை. ஜூலையில் புல் காய்ந்தது. ஆகஸ்டில் இரண்டு பசுவை விற்றார்கள்.

செப்டம்பரில் பெரிய உறை வந்தது. மேஜர். ஊரே வந்து வைன் குடித்தது, முதலில் வந்து கைகுலுக்கியவர் சிரீல்தான். “நம்ம ஊருல இதுவரைக்கும் ஒருத்தரும் ஆனதில்ல, சார்,” என்றார். மனசாரத்தான் சொன்னார்.

எல்லாரும் போனபிறகு பிலோமேன் உறையிலிருந்த இரண்டாவது தாளை எடுத்தாள். புது மேஜர் தன் பட்டாலியனை முதல்முறையாக நடத்தவேண்டிய நாட்கள் அதில் இருந்தன. அடுத்த வருஷம், மே மூன்று முதல் மே இருபத்திரண்டு வரை.

ஜெர்மேன் தாளைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். ஒன்பது வருஷம் காத்திருந்தது இதற்குத்தானா? மராமத்துக்கு வராத இரண்டாவது வருஷமாகிவிடும் அது.

“ஏங்க, மேஜர்,” என்றாள் பிலோமேன். “மிச்சம் இருக்கிற பசுவ இப்பவே வித்துடலாமா, இல்ல மே மாசம் வரைக்கும் வெச்சிருக்கணுமா?”