இன்பம் டீச்சரின் ஐம்பது வீடுகள்

விண்ணப்பத்தில் வயது வரம்பு நாற்பது. இன்பம் டீச்சருக்கு அந்த வருஷம் நவம்பரில் நாற்பது முடிகிறது. 1983-இல் ஆம்பூரில் எங்கள் பள்ளிக்கு அந்தச் சுற்றறிக்கை வந்தபோது, நான் படிப்பதற்கு முன்பே அவர் அந்த வரியைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார்.

பள்ளி ஆசிரியர்களுக்கான பொதுச் சுகாதார உதவித்தொகை அது. ஓராண்டு வேலூரில் தங்கிப் படிக்கலாம், சம்பளம் நிற்காது. முடித்து வந்தால் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பிள்ளைகளின் உடல்நலத்தைக் கவனிக்கும் பொறுப்பு கிடைக்கும். விண்ணப்பத்தோடு, ஆசிரியர் தாமே ஐம்பது வீடுகளில் விசாரித்து எழுதிய அறிக்கை வேண்டும். கடைசிப் பக்கத்தில் பள்ளித் தாளாளரின் கையெழுத்து. செப்டம்பர் முப்பதுக்குள் போய்ச் சேர வேண்டும்.

அவருக்கு அது ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய ஏழாம் வகுப்பில் ஒரு பெண் சுவரோரம் சாய்ந்தே உட்கார்ந்திருப்பாள். ‘கவனக்குறைவு’ என்று அவளுடைய ரேங்க் கார்டில் டீச்சர் எழுதினார். அரையாண்டுப் பரீட்சைக்கு அவள் வரவில்லை. டிபி. பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது அவள் இறந்திருந்தாள்; பதிவேட்டில் பெயரை அடிக்கச் சொன்னார்கள். “எதைப் பாக்கணும்னே தெரியாம பாடம் நடத்திக்கினு இருக்கோம் வஹீதா” என்று அன்றைக்கு என்னிடம் சொன்னார்.

எங்கள் பள்ளியை நடத்தியது, தோல் பதனிடும் டேனரிகளின் முதலாளிகள் சங்கம். வெள்ளிக்கிழமை டேனரிக்கும் விடுமுறை, பள்ளிக்கும் விடுமுறை. ஞாயிறு பள்ளி உண்டு. ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த டீச்சர், ஞாயிறு காலை முதல் ஆராதனையை முடித்துவிட்டுப் பைக்குள் வேதாகமத்தோடு நேராக வகுப்புக்கு வந்துவிடுவார். ஆகவே வீடு வீடாகப் போக அவருக்கு வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. உருது பேசும் வீடுகளுக்காக, உருது டீச்சரான என்னையும் கூட்டிக்கொண்டார்.

ஆறு வெள்ளிக்கிழமைகள், டேனரித் தொழிலாளர்கள் குடியிருக்கும் மூன்று தெருக்கள். ஆண்களெல்லாம் வீட்டில் இருந்தார்கள். நாற்காலி எடுத்துப் போட்டார்கள், டீ வாங்கி வரச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்கு மேல் யாருக்காவது இருமல் இருக்கிறதா என்று டீச்சர் நோட்டைத் திறந்து கேட்பார்.

“எங்க வீட்ல இருமறது ரேடியோ ஒண்ணுதான் டீச்சர்” என்றார் ஒருவர்.

“தோல் ஊறப்போடற சுண்ணாம்புக் குழியில நின்னு நின்னு நம்ம உடம்பு ஊறிப்போச்சி. கிருமி வந்தா அதுதான் சாவும்” என்றார் இன்னொருவர்.

தெருவே சிரித்தது, நாங்களும் சிரித்தோம். பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். ஐம்பது வீடுகளில் நீடித்த இருமல் இரண்டே பேருக்கு என்று அறிக்கை முடிந்தது. தாளாளர் முக்தார் அகமது சாஹிப் அதை வரிவரியாகப் படித்தார். அவருக்கும் டேனரி உண்டு. “நல்லா எழுதியிருக்கீங்கம்மா. நம்ம ஊரைப் பத்தி வெளியில ஜாஸ்தி பேசறாங்க, அவங்களும் படிக்கட்டும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, நாங்கள் விசாரித்த தெருக்களில் ஒன்றில் குடியிருந்த எல்லம்மா பள்ளிக்கு வந்தாள். டீச்சரின் வகுப்பில் படிக்கும் அவளுடைய மகள் நான்கு நாளாக வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “அவங்க அப்பன் ரத்தமா துப்பறாரு. நான் வேலைக்குப் போவணும், பொண்ணுதான் பாத்துக்குது” என்றாள்.

“அன்னிக்கு வந்து கேட்டோமே. ஒண்ணும் இல்லேன்னு அவரே சொன்னாரே?”

“பின்ன இன்னா சொல்வாரு? மொதலாளி ஸ்கூல் டீச்சருங்க ரெண்டு பேரு நோட்டு வெச்சிக்கினு லீவு நாள்ல வந்து நிக்கிறீங்க. இருமல்னு எழுதினா நாளைக்கே ஆளை மாத்திட மாட்டாங்க? நீங்க போனப்புறம் தெருவே அதைத்தான் பேசிச்சு. யாரும் வாய் தொறக்கலியேன்னு.”

டீச்சர், “வேலை நாள்ல, ஆம்பளைங்க இல்லாதப்ப வந்தா சொல்வீங்களா?” என்று கேட்டார்.

“பேரு எங்கயும் போவாதுன்னு சொல்லுங்க. சொல்றோம்.”

டீச்சர் வாக்குக் கொடுத்தார். மதிய இடைவேளையிலும் பள்ளி விட்ட பிறகும், நோட்டை மேசையிலேயே வைத்துவிட்டு, நான்கு நாட்கள் போனோம். ஐம்பதில் முப்பத்தோரு வீடுகளைத்தான் மறுபடி பார்க்க முடிந்தது. குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு பெண்கள் சொன்னார்கள். பதின்மூன்று பேருக்கு இருமல். நான்கு பேருக்கு ரத்தம். டீச்சர் அதைப் புதிய அறிக்கையாக எழுதினார்.

கையெழுத்து விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது, அறிக்கை தனியாக இணைப்பது. “பழசை எடுத்துட்டு புதுசை வெச்சி அனுப்பிடுங்கக்கா. யாருக்குத் தெரியப்போவுது?” என்றேன்.

“அவர் படிக்காத பேப்பருக்கு அவர் கையெழுத்தா?” என்றார் டீச்சர்.

திங்கட்கிழமை இருவரும் தாளாளர் அறைக்குப் போனோம். சாஹிப் புதிய அறிக்கையையும் முழுக்கப் படித்தார். “கதவு நம்பர் இல்லியேம்மா? பழசுல இருந்துதே.”

“எழுதல சார்.”

“என் ஆளுங்களும் இருக்காங்களா?”

“சில பேரு.”

“யாருன்னு சொல்லுங்க. நானே வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன், செலவு என்னுது.” டீச்சர் மாட்டேன் என்று தலையசைத்தார். “நம்பலியா?”

“அவங்க பொம்பளைங்ககிட்ட வார்த்தை குடுத்துட்டேன் சார்.”

“யாருக்குன்னே தெரியாத நோய்க்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்?” கோபமே இல்லாமல்தான் கேட்டார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தம்முடைய பழைய கையெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்து, தேதி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சாஹிப் தம் டிரைவர் கவுஸ் பாஷாவை ஆறு மாதம் வேலூரில் வைத்து வைத்தியம் பார்த்ததும் எனக்குத் தெரியும். குழியில் கால் வெந்துபோன இருவரை அதற்கு முந்தைய வருஷம் கணக்கு முடித்து அனுப்பியதும் தெரியும். அந்த அறையில் இரண்டையும் நான் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்து, இப்போது நான் வாழும் ஜித்தாவில் உட்கார்ந்து யோசித்தாலும், எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை.

டீச்சர் அந்த விண்ணப்பத்தை அப்படியே தபாலில் சேர்த்தார். அக்டோபரில் ஒரு வரியில் பதில் வந்தது: தாளாளர் ஒப்புதல் இல்லை, நிராகரிக்கப்படுகிறது. நவம்பரும் வந்து போனது.

ரத்தம் துப்பிய நால்வரில் இருவர் மட்டும், சம்பளம் போகாத ஒரு வெள்ளிக்கிழமையில், டீச்சரோடு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். தினமும் ஊசி என்றார் டாக்டர். தினமும் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் டேனரிக்குத் தெரிந்துவிடும். அதனால் தெருவில் குடியிருந்த நர்ஸ் ஆரோக்கியமேரி, டூட்டிக்குப் போகுமுன் காலை ஐந்தரைக்குப் போட்டுவிட ஒப்புக்கொண்டார். எல்லம்மாவின் புருஷன் இருபத்து மூன்று ஊசியோடு நிறுத்திக்கொண்டார். இருமல் நின்றுவிட்டதாம். டீச்சர் மூன்று முறை போய்க் கூப்பிட்டார், கதவைத் திறக்கவில்லை.

பங்குனியில் அவருக்கு மறுபடி ரத்தம் வந்தது. அவர் மகள் மீண்டும் பள்ளிக்கு வராமல் நின்றாள்.

“சாஹிப் நெஜமாவே அனுப்பியிருப்பாரா வஹீதா?” என்று ஆசிரியர் அறையில் டீச்சர் கேட்டார்.

“தெரியலக்கா.”

“எனக்கும் தெரியல. தெரியாததால பேசாம இருந்துட்டேன். எனக்கென்ன, படிப்புதான் போச்சு. அந்தாளுக்கு?” எழுந்துவிட்டார். “எல்லம்மாகிட்டயே கேட்டுடறேன். சொல்லலாமா வேணாமான்னு.”

கூடப் போனேன். எல்லம்மா வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாஹிப் அன்று சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். செலவைத் தாமே ஏற்பதாகச் சொன்னதையும் மறைக்கவில்லை.

எல்லம்மா தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டாள். “அப்பவே எங்கிட்ட கேட்டிருக்கலாமே டீச்சர்.”

“கேட்டிருந்தா?”

“வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்.” கையைச் சேலையில் துடைத்தாள். “இப்ப வேலை போயிடும்னு பயந்து இன்னா ஆவப்போவுது? எழுந்து ஒண்ணுக்குப் போவவே நான் புடிச்சிக்கணும். போய்ச் சொல்லுங்க. அவரு பேரு மட்டும் சொல்லுங்க. மத்தவங்க பேரு வேணாம்.”