துணிப்பையோடு சோதனைச்சாவடியில்

வெள்ளவத்தைச் சந்தையில் என்னைத் தெரியாத வியாபாரி இல்லை. இன்றைக்கும் என்னைக் கண்டதும் மரக்கறிக்காரர் எழும்பி நின்று பொலித்தீன் பையை விரித்தார்.

"வேண்டாம் அண்ணை," என்று மகள் தான் தைத்த துணிப்பையை நீட்டினாள். கம்பஸில் படிக்கிறாள். பொலித்தீன் உக்காதாம், இனி வாங்கக் கூடாதாம்.

"பிள்ளை, பொலித்தீன் எண்டால் உள்ளுக்கு இருக்கிறது வெளியில தெரியும்," என்றேன். கேட்கவில்லை.

காலி வீதிச் சோதனைச்சாவடியில், முன்னால் போனவர்களின் பொலித்தீன் பைகளை எட்டிப் பார்த்து அனுப்பின ஆமிக்காரன், உள்ளுக்குக் குண்டு இருக்குமோ என்று எங்கள் துணிப்பையை மறித்தான். கத்தரிக்காய், தக்காளி எல்லாம் றோட்டில் கொட்டினான். மகளின் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று கண்டதும் அவளைத் தனியாக நிறுத்தி வைத்தான். மந்திரிமாரோடேயே சிங்களத்தில் வாதாடின எனக்கு "மகே துவ", என்ர மகள், என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

அரை மணித்தியாலத்தால் விட்டான். அவள் குனிந்து, நசியாத தக்காளிகளைப் பொறுக்கி அதே பையில் போட்டாள்.

"நாளைக்கும் இதைத்தான் கொண்டு போவன் அப்பா. பொலித்தீன் எங்களுக்குப் பிறகும் கிடக்கும்."

"கிடக்கட்டும். நீ பின்னேரம் வீட்டை வந்து சேர்ந்தால் எனக்குப் போதும்."

இன்னும் இரண்டு பேரும் கதைக்கவில்லை. பிள்ளைகள் வைத்திருக்கிறவர்கள் சொல்லுங்கோ, நான் சொன்னது பிழையோ?